நாற்பத்தொரு கட்டங்கள்

எங்கள் இசைப் பேரவைக்கு உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களைக் கண்டால் ஆகாது. இறந்தவர்கள் கடிதம் போடுவதில்லை, ஒத்திகைக்கு வந்து குறுக்கே பேசுவதில்லை, தாங்கள் எழுதியதில் யார் கை வைத்தாலும் ஏன் என்று கேட்பதில்லை. அறுபது வருடமாக இறந்தவர்களை வைத்தே பேரவை நிம்மதியாகக் காலம் தள்ளிவந்தது. போன வருடம் தலைவர் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே மற்ற பேரவைக்காரர்கள் எல்லாரும், உயிரோடிருக்கும் ஆள் ஒருவர் தங்களுக்குப் புதிதாக எழுதிக் கொடுப்பதாகப் பெருமை பேசியிருக்கிறார்கள். இவர் திரும்பி வந்த கையோடு ஒரு பெண்மணியிடம் எழுதி வாங்கிவிட்டார்.

அவர் எழுதியது இரட்டைக் கான்செர்ட்டோ. முன்னால் இரண்டு பேர், ஒருவர் வயலின், ஒருவர் வியோலா. பின்னால் ஐம்பத்தெட்டுப் பேர் கொண்ட முழுக் குழு. வயலின் சொல்வதை வியோலா திருப்பிச் சொல்லும், வியோலா கேட்பதற்கு வயலின் பதில் சொல்லும். இருவருக்கும் சரிசமமான பங்கு. இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் பின்னால் இருக்கிற எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். வயலினும் நிறுத்திவிடும். நடத்துகிறவர்கூடக் குச்சியைக் கீழே இறக்கிவிடுவார். தாளக் கணக்குக்காகத் தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் கட்டங்களில் நாற்பத்தொன்றை வியோலா தனியாக வாசிக்கும்.

அந்த வியோலாவை வாசிக்க வேண்டியவள் என் அக்கா.

முப்பத்தொரு வருடமாக அக்கா குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் இருக்கிற வாத்தியம் வியோலா. இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறதே என்று மட்டும் தோன்றும். அக்காவின் குணமும் அதுவேதான். இசையமைத்த பெண்மணி ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்தவர், பின்னால் தலையைக் குனிந்தபடி வாசிக்கிறாரே அந்த அம்மாதான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேரவை இரண்டு வாரம் சட்ட ஆலோசனை கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது. ஆனால் வயலினுக்குத் தன் ஆளை வைத்துக்கொண்டது. அவர் தலைவரின் மருமகன். நன்றாகவே வாசிப்பார், பொய் சொல்லக் கூடாது. பேரவையில் வாயிற்காவலர் முதல் செயலாளர் வரை அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம்.

நிகழ்ச்சி இருபத்தொன்பதாம் தேதி. அக்கா ஓய்வு பெறுவது முப்பத்தொன்றாம் தேதி. ஓய்வு பெற்றவர் பேரவை விதிப்படி வெளியாள், வெளியாட்கள் மேடையேறக் கூடாது. ஆக, நிகழ்ச்சி இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போனால் அந்த நாற்பத்தொரு கட்டங்களும் அக்காவின் கையை விட்டுப் போய்விடும். இந்த இரண்டு நாளை நினைத்துத்தான் அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பேரவையில் தாள் பிரிவு. குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதை மட்டும் பிரித்து எழுதித் தாள் தயார் செய்வது என் வேலை. நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சரியான இடத்தில் உள்ளே நுழைய வேண்டுமென்றால், அதற்குச் சற்று முன்னால் வேறொருவர் வாசிப்பதை அவர் தாளில் சின்ன எழுத்தில் போட்டுவைப்போம். அது வாசிப்பதற்கல்ல, கேட்பதற்கு. அந்த மெட்டு காதில் விழுந்ததும் அடுத்தது நாம் என்று அவர் தயாராவார். எங்கள் தொழிலில் இதைப் பொடி என்போம். மூன்று நான்கு கட்டங்களுக்குப் பொடி போட்டால் போதும். நான் அக்காவின் நாற்பத்தொரு கட்டங்களையும் முழுசாக, ஐம்பத்தொன்பது பேர் தாளிலும் போட்டேன். நடத்துகிறவர் குச்சி அசைக்காத இடம் என்பதால் ஆட்கள் தொலைந்துவிடக் கூடாது என்று கோப்பில் காரணம் எழுதினேன். உண்மை அதுவல்ல. முப்பத்தொரு வருடம் அக்காவைத் திரும்பிப் பார்க்காத அத்தனை பேர் கண் முன்னாலும் ஒரு நாளாவது அவள் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

முதல் புகார் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. இரட்டைக் கான்செர்ட்டோ என்று பெயர் வைத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் நாற்பத்தொரு கட்டம் அதிகம் கொடுத்தது எப்படி என்று கேட்டிருந்தார். பேரவை உடனே சமநிலைக் குழு ஒன்றை அமைத்தது. ஓய்வூதியப் பிரிவு, தோட்டப் பிரிவு, வாகனப் பிரிவு ஆகியவற்றிலிருந்து பிரிவுக்கு ஒருவர். இசை தெரிந்தவர்களைப் போட்டால் மெட்டில் மயங்கி எண்ணிக்கை தவறும் என்பதால் மூவருமே இசை தெரியாதவர்கள். என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சுரப் புள்ளிகளை ஆறு நாள் எண்ணினார்கள். கறுப்புப் புள்ளி மட்டும்தான் கணக்கா, உள்ளே வெள்ளையாக இருப்பதும் சேர்த்தியா என்ற கேள்வியிலேயே ஒரு நாள் போயிற்று. முடிவில் வயலினுக்கு நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு, வியோலாவுக்கு நாலாயிரத்து முந்நூற்று ஆறு என்று வந்தது. நூற்றெண்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசம். அக்கா தனியாக வாசிப்பது அந்த நூற்றெண்பத்தெட்டைத்தான்.

இசையமைத்த பெண்மணிக்குக் கடிதம் போனது. அந்த இடத்தில் வயலினும் சும்மா இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது, அதுதான் அதன் பங்கு என்று அவர் பதில் எழுதினார். கேட்பதைப் பணியாக ஏற்றுக்கொண்டால் பார்வையாளர்கள் எல்லாரும் ஊழியர்களாகிவிடுவார்கள் என்று சமநிலைக் குழு குறிப்பு எழுதியது. நூற்றெண்பத்தெட்டை வெட்டுவதா, இல்லை வயலினுக்கு நூற்றெண்பத்தெட்டு சேர்ப்பதா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சுற்றறிக்கை பதினேழு வந்தது.

தலைவருக்குக் கண் மங்கலாகிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாற்றியிருக்கலாம். அவர் சுற்றறிக்கை போட்டார். அதை அறிவிக்க எல்லாப் பிரிவினரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவர் பேசினார்.

"என் கண்ணுக்கே தெரியாத எழுத்தை ஊழியர் எப்படிப் படிப்பாரு? அதோட, ஒருத்தருக்குப் பெரிய எழுத்து, ஒருத்தருக்குப் பொடி எழுத்துன்னா அது என்ன நியாயம்? இனிமே இந்தக் கட்டடத்துல எல்லா எழுத்தும் ஒரே அளவு. எனக்கு இசை தெரியாதுன்னு சில பேர் வெளியில பேசறாங்க. தெரியாது. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியுது."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் கையிலிருந்த தாளில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அச்சுப் பிரிவில் கணினியில் ஒரு தட்டு தட்டினார்கள், ஐம்பத்தொன்பது தாளிலும் இருந்த பொடியெல்லாம் பெரிய எழுத்தாகிவிட்டது. பொடிக்கு மேலே ‘வியோலா’ என்று குறித்திருந்தேன். டிராம்போன்காரர் தாளில் வியோலாவுக்கு என்ன வேலை என்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, ஒவ்வொருவர் தாளிலும் அக்காவின் நாற்பத்தொரு கட்டங்கள் அவரவர் சொந்தப் பங்கு மாதிரியே இருந்தன.

சமநிலைக் குழு மறுபடி எண்ணியது. வயலின் நாலாயிரத்து முந்நூற்று ஆறு. வியோலாவும் நாலாயிரத்து முந்நூற்று ஆறு. மூவரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். கோப்புக்கு அரக்கு வைத்து மூடினார்கள்.

புதுத் தாளோடு முதல் ஒத்திகை நடந்த காலையில் நான் கூடத்தின் ஓரமாக நின்றிருந்தேன். நடத்துகிறவர் குச்சியை இறக்கினார். அக்கா வில்லை எடுத்தாள். ஐம்பத்தொன்பது பேரும் அவளோடு வாசித்தார்கள். வருடக்கணக்கில் முப்பது முப்பது கட்டமாக எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன்காரருக்கு ஆயுளில் முதல்முறையாக ஒரு மெட்டு கிடைத்திருந்தது. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். முரசுக்காரர் நூற்றெண்பத்தெட்டு அடியையும் அடித்தார். அக்காவின் வில் நகர்வது தெரிந்தது. ஒலி வரவில்லை. பத்துக் கட்டம் போனதும் அவள் வில்லை மடியில் வைத்துவிட்டாள், அப்படியும் மெட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இது பொடி, வாசிக்காதீர்கள் என்று நடத்துகிறவர் கத்தினார். எல்லாருக்கும் புரிந்தது. பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி அடைப்புக்குறி போட்டுக்கொண்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைகிறவர்கள் பென்சிலை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தாள் பேரவையின் சொத்து, அதில் கிறுக்குவது சொத்தைச் சிதைப்பது என்று அறிவிப்பு. ஏற்கனவே போட்ட அடைப்புக்குறிகளை அச்சுப் பிரிவு ரப்பர் வைத்து அழித்து, அழித்ததற்குச் சான்று ஒட்டியிருந்தது. அழிக்கும்போது எந்த இடத்துக்காக அடைப்புக்குறி போட்டார்கள் என்றும் விசாரித்திருக்கிறார்கள். தாளில் உள்ளதை வாசிப்பதே ஊழியரின் பணி, வாசிக்காமல் விடுகிறவர் பணியைப் புறக்கணித்தவர் ஆவார், விளக்கம் கேட்கப்படும் என்று மாலையில் இன்னொரு தாள் வந்தது. இதைக் கண்காணிக்க மேற்பார்வையாளர்கள் மூன்று பேர். சமநிலைக் குழுவின் அதே மூன்று பேர்.

நான் செயலாளரிடம் ஓடினேன். செயலாளர் நல்ல மனிதர். யார் போனாலும் நாற்காலி காட்டுவார், கண்ணைப் பார்த்துக் கேட்பார், கடைசிவரை தலையாட்டுவார். பொடி என்றால் என்ன, அதை ஏன் வாசிக்கக் கூடாது என்று படம் போட்டு விளக்கினேன். அவருக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றார். "சரியா இருக்கறதாலதான் இதைக் கமிட்டிக்கு அனுப்பணும். தப்பா இருந்தா இங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன். ஒரு மனு எழுதிக் குடுங்க. சமநிலைக் கோப்பைத் திரும்பத் திறக்கணும், புள்ளியைத் திரும்ப எண்ணணும். கமிட்டி அடுத்த மாசம் நாலாந்தேதி கூடும். நிகழ்ச்சியைப் பத்தொம்பதாந்தேதிக்குத் தள்ளி வச்சிடலாம். ஒண்ணும் அவசரம் இல்லை பாருங்க."

பத்தொன்பதாம் தேதி அக்கா வெளியாள். பணிமூப்பில் அடுத்தவர் வாசிப்பார் என்று செயலாளரே அன்போடு எடுத்துச் சொன்னார். மனுவை எழுதினால் அக்காவுக்கு மேடையே இல்லை. எழுதாவிட்டால் மேடை உண்டு, அவள் வாசிப்பது யார் காதிலும் விழாது. மனு எழுதுவதற்காக அவர் நீட்டிய வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தாள் ஒன்று வெளியே போகிறது என்று வாசலில் கையெழுத்து வாங்கினார்கள்.

அக்கா வீட்டில் சமையலறையில்தான் சாதகம் செய்வாள். அங்கேதான் ஒலி அதிகம் அதிராது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்ட மாட்டார்கள். நான் போனபோது அந்த நாற்பத்தொரு கட்டங்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில், முட்டி இடிக்கிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாசித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பொடியை முழுசாகப் போட்டது ஏன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் அக்கா முன்னால் நின்று அழுவதற்கு எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை.

அக்கா திட்டவில்லை. வில்லின் திருகைத் தளர்த்தினாள், துணியால் தந்திகளைத் துடைத்தாள்.

"மனு எழுதாத," என்றாள்.

"அப்ப நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ப் பேசறேன்கா. அந்த இடத்துல மட்டும் வாசிக்காதீங்கன்னு கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"யார்கிட்டயும் போய் நிக்காத. வாசிக்காம விட்டா அவங்களுக்குத்தான் விளக்கம் கேப்பாங்க. டிராம்போன்காரருக்கு ரெண்டு பொண்ணு படிக்குது. முரசுக்காரர் இப்பத்தான் பணி நிரந்தரம் ஆனாரு. எனக்காக அவங்க ஏன் மாட்டிக்கணும்?" துணியை மடித்து வைத்துவிட்டு, "நான் என்னோடதை வாசிக்கிறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்," என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் இப்படிப் பேசிப் பேசியே பின்வரிசையில் கிடந்தாய் என்று கத்திவிட்டு வந்தேன்.

கடைசி ஒத்திகையில் மேற்பார்வையாளர்கள் பக்கத்துக்கு ஒருவராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மடியில் பெயர்ப்பட்டியல், கையில் பேனா. அவர்களுக்குப் பேனா அனுமதி இருந்தது. வில் நகர்கிறதா, விரல் அசைகிறதா, குழல் வாயில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பட்டியலில் குறி போட்டார்கள். நடத்துகிறவர் ஒப்பந்தத்தில் வந்தவர், அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கோப்பு தலைவர் மேஜையில் கிடந்தது. அந்த இடம் வந்ததும் குச்சியை இறக்கினார், குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, தாளில் இருப்பதை வாசியுங்கள் என்றார். எல்லாரும் வாசித்தார்கள். இந்தமுறை டிராம்போன்காரர் கன்னத்தை உப்பவில்லை, அக்காவின் பக்கம் திரும்பவுமில்லை. மாப்பிள்ளை மட்டும் முழு வில் போட்டு வாசித்தார். கேட்டது கிடைத்தவரின் முகம் மாதிரி இல்லை அவர் முகம், ஆனால் வாசித்தார்.

இருபத்தொன்பதாம் தேதி மாலை கூடம் நிறைந்திருந்தது. தலைவர் முதலில் பேசினார். இருபது நிமிடம்.

"இந்த அம்மா எழுதினப்ப இதுல ஏற்றத்தாழ்வு இருந்துச்சு. ஒருத்தர் வாசிக்க, அம்பத்தொம்பது பேர் வேடிக்கை பார்க்கணும்னு எழுதியிருந்தாங்க. அவங்க மேல தப்பு இல்லை, கலைஞர்கள் அப்படித்தான். பேரவை அதைச் சரி பண்ணியிருக்கு. இன்னிக்கு நீங்க கேக்கப்போறது சரி பண்ணினதைத்தான்."

பேசி முடித்ததும் மாப்பிள்ளையின் தாளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்க்கப்போகிறாராம். மேற்பார்வையாளர்கள் மேடையின் இரண்டு ஓரத்திலும் பின்னாலும் இருந்தார்கள். நான் வலது ஓரத்தில், உபரித் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

முதல் பகுதி நன்றாகப் போனது. மாப்பிள்ளையும் அக்காவும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் பகுதி தொடங்கியது. நான் கட்டங்களை எண்ணத் தொடங்கினேன். நடத்துகிறவர் குச்சியை இறக்கினார்.

அறுபது பேரும் வாசித்தார்கள். முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது. அக்காவின் ஒலி கேட்கவில்லை. ஒத்திகையில் நடத்துகிறவர் தலையை ஆட்டியாவது வேகம் காட்டுவார், இப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யார் எந்த வேகத்தில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவது கட்டத்தில் அக்கா ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினாள். பாதிப்பேர் அதைக் கவனிக்காமல் அடுத்த சுரத்துக்கு ஓடிவிட்டார்கள், பாதிப்பேர் நின்றார்கள். கூடம் முழுக்கக் கேட்கும்படி அசிங்கமாக ஒரு பிசிறு. வாசிப்பவர்கள் எல்லாருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. விளக்கம் கேட்பார்களே என்கிற பயம் வேறு, ஆயிரம் பேர் முன்னால் பிசிறு தட்டுகிற அவமானம் வேறு. சேர்ந்து போக வேண்டுமென்றால் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமென்றால் தன் ஒலியைக் குறைத்தாக வேண்டும். குறைத்தார்கள்.

அக்கா தன் ஒலியைக் கூட்டியிருக்கலாம். நான் கூட்டு, கூட்டு என்று மனதுக்குள் அலறிக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் குறைத்தாள். அவர்கள் அதைவிடக் குறைக்க வேண்டியதாயிற்று. அவள் மேலும் குறைத்தாள்.

ஏழாவது கட்டத்தில் முரசு கேட்கவில்லை. அவர் கைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன, கோல்கள் தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்று திரும்பின. டிராம்போனின் குழாய் முன்னும் பின்னும் போய்வந்தது, உள்ளே மூச்சு இல்லை. புல்லாங்குழலில் விரல்கள் மட்டும் ஓடின. செல்லோக்கள், பிறகு வயலின்கள் வரிசை வரிசையாக வில்லைத் தந்தியிலிருந்து மயிரிழை தூக்கி, காற்றில் இழுத்தன. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து வில் நகர்கிறது, விரல் அசைகிறது என்று குறி போட்டுக்கொண்டே போனார்கள். பேனா காகிதத்தில் கீறுகிற ஒலி எனக்குக் கேட்டது. அந்த அளவுக்குக் கூடம் அடங்கியிருந்தது.

இப்போது இரண்டு பேர்தான் வாசித்தார்கள். அக்காவும் மாப்பிள்ளையும். மாமனார் முன்னால் உட்கார்ந்து விரலைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் சமையலறையில் வாசித்த மாதிரியே கண்ணை மூடியிருந்தாள். அவர் வில் நகர்ந்துகொண்டே இருந்தது, ஒலி மட்டும் எங்கே நின்றது என்று தெரியாதபடி நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு அக்கா மட்டும் வாசித்தாள். அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியாது. ஐம்பத்தொன்பது பேர் கையசைத்துக்கொண்டிருந்த மேடையில் ஒரே ஒரு ஒலி வந்தது. எனக்குத் தெரிந்த குரல் அது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முனகுகிற மாதிரி பாடுவாள், அந்தக் குரல். கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். நெகிழ்ந்துபோயிருந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டீங்களா? அறுபது பேர் வாசிச்சாங்க. நான் விரல் வச்சுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட விடலை. அறுபது பேர் வாசிச்சும் ஒரே ஆள் வாசிச்ச மாதிரி இருந்துச்சு. இதுதான் ஒழுங்கு. இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

மேற்பார்வையாளர்களின் அறிக்கை மறுநாளே வந்துவிட்டது. நாற்பத்தொரு கட்டங்களிலும் அறுபது ஊழியர்களும் இடைவிடாமல் பணியில் இருந்தனர். புகார் எதுவும் இல்லை. இனி எல்லாத் தனி வாசிப்புகளையும் இதே முறையில் நடத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.

முப்பத்தொன்றாம் தேதி அக்காவின் பணிப்பதிவேட்டை மூட வேண்டியிருந்தது. பணியாளர் பிரிவில் நானும் அவளோடு போய் உட்கார்ந்தேன். எழுத்தர் ஒவ்வொரு கலமாகப் படித்து நிரப்பிக்கொண்டு வந்தார். விடுப்பு, தண்டனை, பாராட்டு. இணை வாசிப்பு என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். தனி வாசிப்பு என்ற கலத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நானும் அன்னிக்குக் கூடத்துல இருந்தேம்மா," என்றார் மெதுவாக. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உண்டுன்னு எழுத எனக்கும் ஆசைதான். ஆனா உண்டுன்னு எழுதினா, மத்தவங்க வாசிக்கலைன்னு ஆயிடும். அறிக்கை பொய்யாயிடும். அம்பத்தொம்பது பேருக்கும் விளக்கம் கேட்டு நான்தான் தாள் அனுப்பணும். நீங்க சொல்றதை எழுதறேன்."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். முப்பத்தொரு வருடத்துக்கு அந்த ஒரு கலம்தான். அது அவளுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இல்லைன்னு எழுதுங்க," என்றாள்.

எழுத்தர் எழுதினார். அக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து மாடிப்படி இறங்கினோம். கடைசிப் படியில் வாய் அடங்கவில்லை.

"எவன் என்ன எழுதினாலும் நான் கேட்டேன்கா. பதினாலாவது கட்டத்துலேருந்து முடிவு வரைக்கும், இருபத்தெட்டுக் கட்டம் நீ மட்டும்தான் வாசிச்ச."

அக்கா நின்றாள். வாத்தியப் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இருபத்தொம்பதுடா," என்றாள். "பதிமூணாவது கட்டத்துலயும் நான் மட்டும்தான்."